எக்ஸ்11 இல்லாத உபுண்டு 26.04: யார் கவலைப்பட வேண்டும், யாருக்குத் தேவையில்லை

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் அடுத்த பெரிய பதிப்பான 26.04 ஏப்ரல் 23-ஆம் தேதி வருகிறது. திரையை வரையும் பழைய அடித்தளமான எக்ஸ்11-க்குப் பதில் இதில் டெஸ்க்டாப் வேலேண்ட் என்ற புதிய அடித்தளத்தில் மட்டும்தான் ஓடும். வருவதற்கு முன்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். "எக்ஸ்11-ஐ எடுத்துவிட்டால் இனி உபுண்டு பக்கமே திரும்ப மாட்டேன்" என்று ஒரு கூட்டம், "போதும், அந்தப் பழசை இன்னும் எத்தனை வருஷம் சுமப்பது" என்று இன்னொரு கூட்டம். இந்தச் சத்தத்தில் அதிகமாகக் குழம்பிப்போனவர்கள் யார் என்றால், 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததும், விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸரும் தங்கள் மெஷினில் இல்லாததால், நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனசில்லாமல் லினக்ஸுக்கு வந்தவர்கள்தான். சேலத்தில் ஐந்து ரோட்டு ஜெராக்ஸ் கடைக்காரர், கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் அடித்துக் கொடுப்பவர், ஏற்காட்டில் காபி எஸ்டேட் கணக்கை லிப்ரெ ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில் வைத்திருப்பவர், செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிய கல்லூரி மாணவர் என்று இந்த வகை ஆட்கள் பல இடங்களில் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு வேண்டியது மூன்று பதில். இப்போது ஓடுகிற மெஷின் நின்றுவிடுமா? தமிழில் டைப் அடிக்க முடியுமா? கோளாறு வந்தால் சர்வீஸ் செய்பவர் தூரத்திலிருந்து பார்க்க முடியுமா? பதில் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் எதிர்ப்பவர்கள் சொல்வதை மொத்தமாக நம்பவும் வேண்டாம், மொத்தமாகத் தள்ளவும் வேண்டாம். எந்தப் புகார் எந்த வேலையிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் தெளிவு வந்துவிடும்.

முதலில் தேதிகள்

உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், புதிய பதிப்பு விடும். பெயரில் இருக்கும் எண்ணே தேதிதான்: 26.04 என்றால் 2026 ஏப்ரல். இரட்டைப்படை வருஷத்து ஏப்ரலில் வருவதற்கு எல்டிஎஸ் என்று பெயர், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு ஐந்து வருஷம் பாதுகாப்பு அப்டேட் இலவசமாக வரும். உபுண்டு ப்ரோ என்ற திட்டத்தில் பதிந்துகொண்டால் அது பத்து வருஷமாக நீளும், சொந்த உபயோகத்துக்கு ஐந்து மெஷின் வரை அதற்கும் காசு இல்லை.

இதன்படி பார்த்தால்:

1. 24.04 வைத்திருப்பவர்களுக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஏப்ரல் 23-க்கு அப்புறம் அவர்கள் மெஷினில் தானாக எதுவும் மாறாது, எக்ஸ்11-உம் அங்கே அப்படியே இருக்கும்.

2. 22.04 என்றால் 2027 வரை. இவர்கள் அடுத்த ஒரு வருஷத்துக்குள் ஒரு முடிவெடுக்க வேண்டும்.

3. 20.04-இன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதமே முடிந்துவிட்டது. யாருடைய கடையிலாவது இது இன்னும் ஓடினால், எக்ஸ்11 சண்டையை விட அதுதான் அவசரமான விஷயம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு எல்டிஎஸ்ஸிலிருந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு மாறச் சொல்லும் அறிவிப்பு ஏப்ரலிலேயே வராது. முதல் திருத்தப் பதிப்பான 26.04.1 வந்த பிறகுதான் வரும், அது வழக்கமாக ஆகஸ்ட் மாதம். ஆகவே "ஏப்ரல் 23-ஆம் தேதி நம்ம கம்ப்யூட்டர் நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால் அது தவறு.

எக்ஸ்11 என்ன, வேலேண்ட் என்ன

திரையில் ஜன்னல்களை வரைவது, மவுஸ் அசைவையும் விசை அழுத்தத்தையும் சரியான செயலிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இந்த வேலையைச் செய்யும் அடித்தளத்தின் பெயர்தான் எக்ஸ். அமெரிக்காவின் எம்ஐடியில் 1984-இல் தொடங்கியது. அதன் 11-ஆவது வடிவம் 1987-இல் வந்தது. அதே எக்ஸ்11 தான் இத்தனை வருஷமாக லினக்ஸ் டெஸ்க்டாப்பைத் தாங்கி வந்திருக்கிறது.

அதன் பெரிய குறை பாதுகாப்பு. செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் பத்துப் பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கொலுசு பற்றவைக்கும்போது யார் கையில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிவது போல, எக்ஸ்11-இல் ஓடும் எந்தச் செயலியும் மற்றச் செயலியில் நீங்கள் என்ன தட்டுகிறீர்கள் என்பதைப் பார்க்கலாம், முழுத் திரையையும் படம் எடுக்கலாம், கேட்க வேண்டியதில்லை. பட்டறையில் எல்லோரும் தெரிந்த ஆட்கள். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. எங்கிருந்தோ இறக்கிய ஒரு சின்ன விளையாட்டு, பக்கத்து ஜன்னலில் நீங்கள் அடிக்கும் வங்கிக் கடவுச்சொல்லைப் பதிவு செய்ய எக்ஸ்11 தடை போடாது. 1987-இல் இதைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை, இன்றைக்கு இருக்கிறது.

வேலேண்ட் இதற்கு மாற்றாக 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கியது. இதில் ஒவ்வொரு செயலிக்கும் தன்னுடைய ஜன்னல் மட்டும்தான் தெரியும். திரையைப் பிடிக்க வேண்டுமென்றால் போர்ட்டல் என்ற இடைவாசல் வழியாக உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும். வேலேண்டுக்கு மாறாத பழைய செயலிகளுக்காக எக்ஸ்வேலேண்ட் என்று ஒரு இணைப்பு இருக்கிறது, அதன் வழியாக அவை தொடர்ந்து ஓடும். 26.04-இல் போவது எக்ஸ்11 அமர்வு, அதாவது லாகின் செய்ததும் முழு டெஸ்க்டாப்பையும் எக்ஸ்11 மேல் ஓட்டும் வசதி மட்டுமே, எக்ஸ்11-க்காக எழுதிய செயலிகள் போகவில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவதால்தான் பாதிப் பயம் கிளம்புகிறது.

இதை உபுண்டுவை உருவாக்கும் கேனானிக்கல் நிறுவனம் மட்டும் தனியாக முடிவு செய்தது என்று நினைப்பதும் சரியல்ல. உபுண்டுவின் டெஸ்க்டாப் க்னோம் என்ற திட்டத்திலிருந்து வருகிறது, க்னோம் 50-இல் அந்தத் திட்டக்காரர்களே எக்ஸ்11 அமர்வுக்கான நிரல்களை நீக்கிவிட்டார்கள். உபுண்டு அதற்கு ஒரு படி முன்னால், 2025 அக்டோபரில் வந்த 25.10-லேயே அந்த அமர்வை எடுத்தது. ஒன்பது மாதம் மட்டும் ஆதரவு உள்ள ஒரு பதிப்பில் முதலில் செய்து பார்த்துவிட்டு எல்டிஎஸ்ஸுக்குக் கொண்டுவருவது நியாயமான வரிசைதான்.

புகார்கள், ஒவ்வொன்றாக

1. தூரத்திலிருந்து சர்வீஸ் பார்ப்பது. இதுதான் இருப்பதிலேயே கனமான புகார், சேலம் ஆட்களை நேராகத் தொடுவதும் இதுதான். ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டேயில் பில் போடும் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், கீழே சேலத்திலிருக்கும் சர்வீஸ் ஆள் அதற்காக இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர மாட்டார். எனிடெஸ்க் மாதிரி ஒரு செயலியில் ஒன்பது அல்லது பத்து இலக்க எண்ணை வாங்கிக்கொண்டு, கடையில் உட்கார்ந்தபடியே சரிசெய்துவிடுவார். இந்த வகைச் செயலிகள் எக்ஸ்11-இன் திறந்த கூடத்தை நம்பி எழுதப்பட்டவை. வேலேண்டில் அவை வருஷக்கணக்காகத் தடுமாறின. அதற்கு எல்லோரும் கற்றுக்கொண்ட வைத்தியம் ஒன்று உண்டு: லாகின் திரையின் அமைப்புக் கோப்பைத் திறந்து வேலேண்ட் வேண்டாம் என்று ஒரு வரியை மாற்றுவது, அப்புறம் ரீஸ்டார்ட். மாறிக்கொள்ள எக்ஸ்11 அமர்வே இல்லாத 26.04-இல் அந்த வைத்தியம் பலிக்காது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. க்னோமிலேயே ஆர்டிபி முறையில் இயங்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதி இருக்கிறது, யாரும் லாகின் செய்யாத மெஷினுக்குள் வெளியிலிருந்து நுழைவதுகூட 24.04-இல் வந்த க்னோம் 46-இலிருந்து முடிகிறது. ஆனால் ஒரே அலுவலகத்துக்குள் இது எளிது, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு என்றால் நடுவில் இரண்டு மெஷினையும் தனிப் பாதையில் இணைக்கும் விபிஎன் மாதிரி ஏதாவது போட வேண்டும். எண்ணைச் சொன்னால் போதும் என்ற வசதிக்கு அது ஈடாகாது. ஆகவே இந்தப் புகாரைச் சொல்கிறவர்களைப் "பழமைவாதி" என்று தள்ளுவது தப்பு, அவர்கள் சொல்வது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். நீங்கள் வைத்திருக்கும் ரிமோட் செயலியின் இன்றைய பதிப்பு வேலேண்டில் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று ஆள் பக்கத்தில் இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள். அனுமதி கேட்கும் பெட்டி மறுமுனையில் வந்து நின்றால், அதை அழுத்த அங்கே ஒருவர் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2. பழைய என்விடியா கார்டு. அசெம்பிள் செய்த மெஷின்களில் ஜிடி 710 என்ற சின்ன கிராபிக்ஸ் கார்டு நம் ஊரில் ரொம்ப சகஜம். அது கெப்ளர் என்ற தலைமுறையைச் சேர்ந்தது. க்னோமின் வேலேண்ட் நன்றாக ஓடத் தேவையான ஜிபிஎம் என்ற வசதியை என்விடியா தன் டிரைவரில் சேர்த்தது 2021-இல், 495 வரிசையில். கெப்ளருக்கான ஆதரவை நிறுத்தியதும் அதே 495-இல்தான். இந்தக் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கதவு மிகச் சரியாக மூக்கின் முன்னால் மூடியது. அவர்களுக்கு மிஞ்சுவது நூவோ என்ற திறந்த டிரைவர். டைப் அடிக்க, பிரவுஸ் செய்ய அது போதும், வீடியோ எடிட்டிங்குக்குப் போதாது. பெரும்பாலான பழைய கடைக் கம்ப்யூட்டர்களில் தனி கார்டே இருக்காது, இன்டெல்லின் உள்கிராபிக்ஸ்தான். நான்காம் தலைமுறை இன்டெல்லில்கூட வேலேண்ட் பிரச்சினை இல்லாமல் ஓடும். சில மெஷின்களில் ஜிடி 710-ஐக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினாலே தீர்ந்துவிடும்.

3. தமிழ் தட்டச்சு. இதைப் பற்றி ஆங்கிலத்தில் நடக்கும் விவாதங்களில் பேச்சே கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. லினக்ஸில் தமிழ் அடிக்கும் வழிகள் மூன்று வகை.

முதல் வகை ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டுக் கருவி வழியாக அடிப்பது. தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை, ஒலிபெயர்ப்பு முறை, எல்லாமே அதன் எம்17என் தொகுப்பில் இருக்கின்றன. க்னோம் ஐபஸைத் தனக்குள்ளேயே இணைத்திருப்பதால் வேலேண்டிலும் இது வேலை செய்யும். யூனிகோடில் அடிக்கும் பெரும்பாலானவர்கள் இந்த வகைதான், கவலைப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் லிப்ரெ ஆபீஸில் அடித்துப் பார்த்து விட்டுவிடாமல் குரோமிலும் அடித்துப் பாருங்கள். கொம்பு, துணையெழுத்து இடம் மாறி விழுகிறதா என்று அங்கேதான் தெரியும்.

இரண்டாவது வகை பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடிப்பது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இது வெறும் ஆங்கில எழுத்து, தோற்றம் மட்டும் தமிழ். ஆகவே எக்ஸ்11 போனாலும் வேலேண்ட் வந்தாலும் இதில் எந்த மாற்றமும் இருக்காது.

மூன்றாவது வகைக்குத்தான் அடி விழும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பழகிய கைக்கு ஏற்றபடி எக்ஸ்மோட்மேப் என்ற கருவியால் விசைகளை மாற்றி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸ் ஆள் எப்போதோ செய்து கொடுத்திருப்பார், கடைக்காரருக்கே அது தெரிந்திருக்காது. அந்தக் கருவி எக்ஸ்11-க்கு உரியது, வேலேண்ட் அமர்வில் அது செல்லாது. அந்த மாற்றத்தை எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை அமைப்புக் கோப்பாகவோ கீமேன் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகவோ மறுபடி செய்துகொள்ள வேண்டும். விசை ஒன்றை அழுத்தினால் பத்தி முழுக்க வந்து விழுகிற மாதிரி எக்ஸ்டூடூல் என்ற கருவியை வைத்துச் செய்த குறுக்குவழிகளும் இப்படித்தான். வருமானச் சான்று, வாரிசுச் சான்று மனுக்களில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருவதால் மனு எழுதுபவர்களுக்கு இது சின்ன இழப்பு இல்லை. லிப்ரெ ஆபீஸின் ஆட்டோடெக்ஸ்ட் வசதிக்கு இப்போதே மாறிக்கொண்டால் எந்தப் பதிப்பு வந்தாலும் அது இருக்கும்.

4. ரஸ்ட் கருவிகள். கோப்புகளைப் பட்டியலிடுவது, நகலெடுப்பது போன்ற அடிப்படைக் கட்டளைகளையும், நிர்வாகி அனுமதி தரும் சூடோவையும் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய வடிவங்களால் 25.10-இல் மாற்றினார்கள். நினைவகத்தைக் கையாள்வதில் வரும் ஒரு பெரிய ரகப் பிழைகளை ரஸ்ட் தடுக்கும் என்பது காரணம். எதிர்ப்பு இரண்டு திசையிலிருந்து வந்தது. மாற்றி வெளியிடுபவர் நிரலையும் திறந்தே தர வேண்டும் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமத்திலிருந்து தளர்வான எம்ஐடி வகைக்கு மாறுகிறதே என்பது ஒன்று. சோதித்துத் தேய்ந்த பழைய கருவியை ஏன் தொட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு ஆதாரமும் கிடைத்தது: 25.10 வந்த புதிதில் தேதி காட்டும் கட்டளையின் புதிய வடிவத்தில் இருந்த பிழையால் சில மெஷின்களில் தானியங்கி அப்டேட் சோதனையே நடக்காமல் போனது, உடனே திருத்தினார்கள். சர்வர் நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரவுசரும் லிப்ரெ ஆபீஸும் மட்டும் திறப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

5. பிரிண்டர். "வேலேண்ட் வந்தால் பிரிண்டர் ஓடாது" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அச்சு வேலையைச் செய்வது கப்ஸ் என்ற தனி அமைப்பு. 24.04-இல் தகராறு செய்த பிரிண்டர் இதிலும் தகராறு செய்யும், அவ்வளவுதான்.

பழைய சண்டைகளில் எது ஜெயித்தது

பயனர்கள் கத்தினால் எதுவும் மாறாது என்பது உண்மையில்லை. உபுண்டுவின் வரலாற்றிலேயே மாறியிருக்கிறது. எப்படிப்பட்ட புகார் மாற்றியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2017 அக்டோபரில் வந்த 17.10-இல் வேலேண்டை இயல்புநிலையாக்கினார்கள். 2018 ஜனவரியில், அடுத்து வரும் 18.04 எல்டிஎஸ்ஸுக்கு மறுபடி எக்ஸ் தான் என்று அறிவித்தார்கள். காரணமாகச் சொன்னவை மூன்று: திரையைப் பகிர்வது சரியாக வேலை செய்யவில்லை, ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்யவில்லை, டெஸ்க்டாப் ஷெல் விழுந்தால் திறந்திருக்கும் எல்லா வேலையும் சேர்ந்து போய்விடுகிறது. மூன்றுமே குறிப்பான, யாரும் செய்து பார்க்கக்கூடிய கோளாறுகள். 21.04-இல்தான் வேலேண்ட் மறுபடி இயல்புநிலை ஆனது.

2019 ஜூனில் பழைய செயலிகளுக்குத் தேவைப்படும் 32-பிட் தொகுப்புகள் அனைத்தையும் நிறுத்தப்போவதாகக் கேனானிக்கல் சொன்னது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயினை உருவாக்குபவர்களும், ஸ்டீம் விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வும் இன்னின்ன செயலிகள் ஓடாது என்று சொன்னதும், ஒரே வாரத்துக்குள் பின்வாங்கித் தேவையான தொகுப்புகளைத் தொடர்ந்து தருவதாக அறிவித்தார்கள். நம் பக்கம் ஒயினில் பழைய டிடிபி மென்பொருள் ஓட்டுபவர்கள் இன்றைக்கும் ஓட்ட முடிவது அந்த ஒரு வாரத்தால்தான்.

இதற்கு நேர்மாறு 2011-இல் வந்த யூனிட்டி என்ற டெஸ்க்டாப் தோற்றம். "பிடிக்கவில்லை" என்று ஆறு வருஷம் எழுதினார்கள், அது போனது 2017-இல், அதுவும் நிறுவனத்தின் வியாபாரக் கணக்கு மாறியதால். பிடிக்கவில்லை என்பதற்கு மறுமுனையில் இருப்பவர் செய்ய ஒன்றுமில்லை. இந்தக் கார்டு, இந்தச் செயலி, இந்த விசை, இப்படி நடக்கிறது என்று எழுதினால் அவருக்குச் செய்ய வேலை இருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம்

1. 24.04-இல் இருப்பவர்கள், செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட், சிஸ்டம் டீட்டெய்ல்ஸ் என்று போய் "விண்டோயிங் சிஸ்டம்" என்ற வரியைப் பாருங்கள். வேலேண்ட் என்று இருந்தால் நீங்கள் ஏற்கனவே மாறிவிட்டீர்கள், இத்தனை நாள் அதில்தான் வேலை செய்கிறீர்கள். எக்ஸ்11 என்று இருந்தால், லாகின் திரையின் கீழ் மூலையில் இருக்கும் பல்சக்கர அடையாளத்தை அழுத்தி வேலேண்ட் அமர்வைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எது உடைகிறதோ அது மட்டும்தான் உங்கள் பிரச்சினை.

2. ரிமோட் சர்வீஸ் உங்களுக்கு உயிர்நாடி என்றால் அவசரப்பட வேண்டாம், 24.04-லேயே இருங்கள். இல்லையென்றால் 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்குப் போகலாம். அதன் சின்னமன் டெஸ்க்டாப் இயல்பாகவே எக்ஸ்11-இல் ஓடுகிறது, அதற்கும் 2029 வரை ஆதரவு உண்டு.

3. கைரேகைக் கருவி, டேலி, கோரல்டிரா இவற்றை நம்பித் தொழில் நடத்துபவர்கள் இந்த விவாதத்தைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். உங்கள் மெஷின் விண்டோஸில்தான் இருக்க வேண்டும்.

4. எப்போது மாற்றுவது என்பதும் முக்கியம். மனு எழுதும் கடைக்கு திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள்தான் வியாபாரம், ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து அப்கிரேடு போடாதீர்கள். ஏற்காட்டுக்காரர்களுக்கு ஏப்ரல், மே சீசன், கோடை விழா வேறு, அப்போது ஓடுகிற மெஷினில் கை வைக்க வேண்டாம். மலையில் நெட் இழுக்கிற வேகத்துக்கு 6 ஜிபி அளவுள்ள கோப்பை இறக்குவதைவிட, சேலத்தில் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. யுபிஎஸ் பேட்டரி தாங்குமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அப்கிரேடு பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டி வரலாம்.

5. புதிதாக நிறுவுபவர்கள் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, தமிழ் விசைப்பலகை, ஸ்கேனர், நான்கையும் பார்த்துவிட்டால் போதும்.

தமிழ்ப் புகாரை யார் எழுதுவது

மார்ச் கடைசியில் 26.04-இன் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வருகிறது. தமிழ்99-உம் டைப்ரைட்டர் முறையும் வேலேண்டில் எல்லாச் செயலியிலும் சரியாக ஓடுகிறதா என்பதைச் சோதிக்க நம்மைத் தவிர ஆள் கிடையாது. விசைப்பலகையைப் பார்க்காமல் நிமிஷத்துக்கு நாற்பது வார்த்தை அடிக்கிற ஒருவர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுகிற பிழை, தமிழ் தெரியாத டெவலப்பர் கண்ணில் வருஷம் முழுக்கப் படாது.

உபுண்டுவின் பிழைகளைப் பதிவு செய்யும் இடம் லாஞ்ச்பேட். கணக்கு தொடங்கக் காசு இல்லை. எளிய ஆங்கிலத்தில் ஐந்து வரி போதும்: மெஷின் மாடலும் கிராபிக்ஸ் கார்டும், எந்தச் செயலியில் எந்தத் தமிழ் விசைப்பலகை, எந்த விசைகளை எந்த வரிசையில் அழுத்தினீர்கள், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது. கடைசி இரண்டையும் தமிழ் எழுத்திலேயே ஒட்டி, ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்துவிடுங்கள். தனக்கும் அதே கோளாறு இருக்கிறது என்று பதிய அங்கே ஒரு வசதி இருக்கிறது, மற்றவர்கள் அதை அழுத்தினால் புகாருக்குக் கனம் கூடும். ஏப்ரல் நடுவில் மாற்றங்களை நிறுத்திவிடுவார்கள். அதற்கு அப்புறம் போகும் புகாரில் பெரிய கோளாறுகளைத் தவிர மற்றவை பின்னால் வரும் அப்டேட்டுகளுக்குத் தள்ளிப்போகும், ஆகவே பீட்டா வந்த முதல் வாரத்திலேயே சோதித்து அனுப்பிவிடுங்கள்.